விதியில் உண்டு, கவுண்டரில் இல்லை

வெளிநாடு செல்லும் இந்தியர் ஒருவர் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்புவரை அந்நிய நாட்டு நோட்டாகவோ நாணயமாகவோ வாங்கிக்கொள்ளலாம் என்கிறது ரிசர்வ் வங்கி. சில நாடுகளுக்கு இந்த வரம்பு இன்னும் தாராளம். திரும்பி வந்த பிறகு, மிஞ்சிய நோட்டில் 2,000 டாலருக்கு ஈடானதை மட்டும் கையில் வைத்துக்கொள்ளலாம்; மிச்சத்தை 180 நாட்களுக்குள் ஒப்படைத்துவிட வேண்டும். நாணயத்துக்கு அந்தக் கட்டுப்பாடும் கிடையாது. வெளிநாட்டு நாணயங்களை எவரும் எவ்வளவு வேண்டுமானாலும் வைத்திருக்கலாம் என்று அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வந்த விதிமுறை தெளிவாகவே சொல்கிறது. உரிமம் பெற்ற நாணயமாற்று நிறுவனங்கள் பயணிகளிடமிருந்து நோட்டு, நாணயம் இரண்டையும் வாங்கலாம் என்பதும் ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலில் இருக்கிறது. வாங்கலாம், விற்கலாம், வைத்துக்கொள்ளலாம். சட்டத்தில் தடை எங்கும் இல்லை. ஆனால் புனேயில் ஒரு நாணயமாற்றுக் கவுண்டரில் போய், “இரண்டு யூரோ நாணயம் நாலைந்து கிடைக்குமா?” என்று கேட்டால், அநேகமாக “நோட்டு மட்டும்தான்” என்றே பதில் வரும். மிஞ்சிய நாணயத்தைக் கொடுத்து ரூபாய் கேட்டாலும் அதே பதில்தான். விதிக்கும் கவுண்டருக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியை மூடுவது கடினமில்லை. மூடினால் நாணயம் சேகரிப்பவர்களுக்கு மட்டுமல்ல, சாதாரணப் பயணிக்கும் வங்கிக்கும்கூட லாபம் உண்டு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

புனேயை எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. மென்பொருள் வேலைக்காகவும் மேற்படிப்புக்காகவும் வெளிநாடு போய்வருகிறவர்கள் திரளாக வாழும் நகரம் இது. ஊரின் விமான நிலையத்திலிருந்து போகும் சர்வதேச விமானங்கள் சிலவே என்றாலும், மும்பை வழியாகப் பறப்பவர்களுக்குக் குறைவில்லை. அப்படிப் போய் வந்த ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மேஜை அறையிலோ பழைய டப்பாவிலோ திர்ஹமும் சென்ட்டும் யென்னும் கலந்து கிடக்கும். விமானம் ஏறுவதற்குமுன் செலவழிக்க நேரமில்லாமல் பையோடு வந்த காசு அது. இன்னொரு பக்கம், நாணயம் சேகரிப்பில் மகாராஷ்டிரத்துக்கு ஆழமான மரபு உண்டு. நாசிக் அருகே அஞ்சனேரியில் 1980-லிருந்து நாணயவியல் ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. மும்பை கோட்டைப் பகுதியில் ரிசர்வ் வங்கியின் பண அருங்காட்சியகம் 2004-இல் அப்துல் கலாம் கையால் திறக்கப்பட்டது. புனேயிலேயே சேகரிப்பாளர் சங்கமும் நாணயக் கண்காட்சிகளும் உண்டு. ஒரே நகரத்தில் ஒருவர் வீட்டில் வீணாகக் கிடப்பது இன்னொருவர் காசு கொடுத்துத் தேடும் பொருள். இரண்டு பேரும் சந்திக்கும் இடமாக வங்கி இருந்திருக்க வேண்டும், இல்லை.

சேகரிப்பவருக்கு வங்கி ஏன் முக்கியம்? வங்கியில் நாணயம் முகமதிப்புக்குக் கிடைக்கும். இருபத்தைந்து சென்ட் நாணயத்துக்கு இருபத்தைந்து சென்ட் கொடுத்தால் போதும். அமெரிக்காவில் 1999 முதல் 2008 வரை, ஆண்டுக்கு ஐந்தாக ஐம்பது மாநிலங்களுக்கும் தனித்தனி வடிவில் கால் டாலர் நாணயங்களை வெளியிட்டார்கள். சுமார் 3,480 கோடி நாணயங்கள் அச்சாகி வங்கிகள் வழியாகவே மக்களிடம் போயின. எத்தனையோ குழந்தைகள் சில்லறையைப் புரட்டிப் பார்த்தே தம் நாட்டின் வரைபடத்தைக் கற்றுக்கொண்டார்கள். ஐரோப்பாவில் இரண்டு யூரோ நினைவு நாணயங்கள் 2004-இல், ஏதென்ஸ் ஒலிம்பிக்கை ஒட்டி கிரீஸ் வெளியிட்டதிலிருந்து தொடங்கின. 2012 முதல் ஒரு நாடு ஆண்டுக்கு இரண்டு வெளியிடலாம். இவை அலமாரிக்கென்று அடித்த பதக்கங்கள் அல்ல, கடையில் காபிக்குக் கொடுக்கக்கூடிய காசு. ஜெர்மனியில் மத்திய வங்கியான புண்டஸ்பேங்கின் கிளைகளுக்கு யாரும் போய் இவற்றை முகமதிப்புக்கு மாற்றிக்கொள்ளலாம். 2002-இல் புழக்கத்திலிருந்து போன பழைய மார்க் நாணயங்களைக்கூட காலவரம்பில்லாமல் இன்றும் அங்கே யூரோவாக மாற்றித் தருகிறார்கள். புனேயிலிருந்து மியூனிக்குக்கோ பிராங்க்பர்ட்டுக்கோ போகிறவர், ஊர் சுற்றும் நாளில் ஒரு அரை மணி நேரத்தை இதற்கு ஒதுக்கினால் கைநிறையக் கிடைக்கும். தனியார் வங்கிக் கிளைகளில் அந்த வரவேற்பை எதிர்பார்க்க முடியாது. கணக்கில்லாதவருக்குச் சில்லறை தர அங்கே பல வங்கிகள் மறுக்கின்றன, பணமே கையாளாத கிளைகளும் பெருகிவிட்டன. அதனால்தான் மத்திய வங்கியின் கவுண்டர் மதிப்புள்ளதாகிறது.

நம் நாட்டுக்கு வரும் வெளிநாட்டுச் சேகரிப்பாளரின் நிலை என்ன? இங்கேயும் விதி அவர் பக்கம்தான். எல்லா வங்கிக் கிளைகளும் பொதுமக்களுக்கு நல்ல நோட்டுகளையும் எல்லா மதிப்பு நாணயங்களையும் கேட்டவுடன் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கைகளில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது. கணக்கு வைத்திருப்பவருக்கு மட்டும் என்று அதில் சொல்லவில்லை. நாணயம் விநியோகிப்பதற்காக வங்கிகளுக்கு ஊக்கத்தொகையும் உண்டு. ஒரு மூட்டைக்கு 25 ரூபாயாக இருந்தது 2021 செப்டம்பரிலிருந்து 65 ரூபாயாக உயர்ந்தது. புனேக்கு வரும் ஒருவர் கேட்க வேண்டிய நாணயங்களும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. பக்கத்து ஆளந்தியில் சமாதியடைந்த ஞானேஸ்வரருக்கு 1999-இல் ஒரு ரூபாய் நாணயம், தேஹுவின் துக்காராமுக்கு 2002-இல் நாணயம், சிவாஜிக்கு 1999-இல் இரண்டு ரூபாய், திலகருக்கு ஐந்து ரூபாய் என்று இந்த வட்டாரமே காசில் பதிந்திருக்கிறது. இவை புழக்கத்துக்கென்று வெளிவந்தவை, இன்னும் சில்லறையில் வந்துபோகின்றன. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1990-களின் பிற்பகுதியில் நம் நாணயச்சாலைகளுக்குத் தேவையைச் சமாளிக்க முடியாதபோது ஒரு ரூபாய் நாணயங்களை மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா, ஸ்லோவாக்கியா போன்ற நாடுகளில் அச்சடித்து இறக்குமதி செய்தார்கள். ஆண்டு எழுதிய இடத்துக்குக் கீழே உள்ள சிறு குறியைப் பார்த்தால் அது எங்கே பிறந்தது என்று தெரிந்துவிடும். ஆக, புனேயின் ஒரு கிளையில் சில்லறை மூட்டையை அவிழ்ப்பவர் தம்மையறியாமல் வெளிநாட்டில் அடித்த நாணயங்களை வருடக்கணக்காக விநியோகித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

பல நாட்டுக் காசைக் கையாள்வது புனேக்குப் புதிதும் அல்ல. பேஷ்வாக்கள் காலத்துச் சந்தையில் அங்குசி ரூபாய், மல்ஹர்ஷாஹி ரூபாய், சூரத் ரூபாய், நம் ஊர் ஆற்காட்டு ரூபாய் என்று பல வகை வெள்ளிக்காசுகள் ஒரே நேரத்தில் புழங்கின. வெள்ளியின் தரம், எடை, அச்சான இடம், தேய்மானம் ஆகியவற்றைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வட்டம், அதாவது மாற்றுக் கழிவு, பிடிப்பது என்று முடிவு செய்வதே நாணயமாற்று வணிகர்களான சராப்புகளின் தொழில். சிவாஜி 1674-இல் முடிசூடியபோது வெளியிட்ட தங்க ஹொன், தென்னாட்டில் நாம் வராகன் என்று அழைத்த காசின் மரபிலேயே வந்தது. எந்த ராஜ்யத்தின் காசு வந்தாலும் பெற்றுக்கொண்டு, தனக்கான வட்டத்தைக் கழித்துக்கொண்டு, உள்ளூர்ப் பணம் எண்ணிக் கொடுத்த நகரம் அது. தராசும் உரைகல்லும் மட்டும் வைத்திருந்தவர்களால் முடிந்த காரியம், கணினியும் நாள்தோறும் மாற்று விகிதமும் கையில் உள்ளவர்களால் முடியாது என்று சொன்னால் நம்புவதற்குக் கொஞ்சம் சிரமம்தான்.

வங்கி விலகி நிற்பதால் அந்த வியாபாரம் எங்கே போகிறது? மங்கள்வார் பேட்டைப் பக்கம் புதனும் ஞாயிறும் கூடும் ஜுனா பஜார் போன்ற சந்தைகளுக்கும், கண்காட்சி மேஜைகளுக்கும், இணைய விற்பனைக்கும் போகிறது. அவற்றைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. பழங்காசுக்கு அதுவே இடம். ஆனால் இன்று சிங்கப்பூரில் தேநீர்க்கடையில் மீதியாக வரும் இருபது சென்ட்டை இங்கே ஒரு பள்ளி மாணவர் பல மடங்கு விலை கொடுத்து வாங்குகிறார் என்றால், அந்த விலை அரிதான பொருளுக்கான விலை அல்ல. வழி அடைபட்டிருப்பதற்கான விலை. விலை எது, மதிப்பு எது என்று பார்க்க அவரிடம் அளவுகோலும் இல்லை. ஏமாறவும் வாய்ப்பு அதிகம். தாய்லாந்தின் பத்து பாட் நாணயம் பார்வைக்கு இரண்டு யூரோவைப் போலவே இருக்கும்: நடுவில் மஞ்சள், சுற்றிலும் வெள்ளை. மதிப்பிலோ பல மடங்கு வித்தியாசம். வங்கிக் கவுண்டரில் வாரம் ஒருமுறையேனும் ஒரு விலைப்பட்டியல் ஒட்டியிருந்தால், அதில் வாங்காதவருக்குக்கூட அது அளவுகோலாக இருக்கும். ராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் தம் மொழி எழுத்தைச் சுமந்த சிங்கப்பூர், இலங்கை நாணயங்களைத் தொட்டுப் பார்க்க ஒரு வியாபாரியின் தயவை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை.

இதற்கு முதலில் வரும் மறுப்பு எடை. நாணயம் கனமானது, கப்பலிலோ விமானத்திலோ திருப்பி அனுப்பிக் கட்டுப்படியாகாது, அதனால்தான் உலகெங்கும் நாணயமாற்று நிறுவனங்கள் நாணயத்தைத் தொடுவதில்லை என்கிறார்கள். பொதுவான நடைமுறைக்கு அது சரியான காரணம். ஆனால் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு யூரோ நாணயத்தின் எடை 8.5 கிராம், ஒரு கிலோவில் ஏறத்தாழ 117 நாணயம், இன்றைய விகிதத்தில் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். சுவிட்சர்லாந்தின் ஐந்து பிராங்க் 13.2 கிராம், ஒரு கிலோ முப்பதாயிரம் ரூபாயையும் தாண்டும். நம் பத்து ரூபாய் நாணயம் ஒரு கிலோவுக்கு ஆயிரத்து முந்நூறு ரூபாய் அளவுதான் வரும். அந்தக் கனத்தைத்தான் நாடு முழுவதும் லாரிகளில் ஏற்றி இறக்குகிறார்கள். மேலும், திருப்பி அனுப்ப வேண்டும் என்று யார் சொன்னது? திரும்பி வரும் பயணியிடம் கணிசமான வட்டம் கழித்து வாங்கி, அடுத்த மாதம் அதே நாட்டுக்குப் போகிறவருக்கும் சேகரிப்பவருக்கும் விற்றால், நாணயம் புனேயை விட்டு வெளியே போகவே தேவையில்லை. விமான நிலையத்தில் இறங்கியவுடன் தள்ளுவண்டிக்கும் பேருந்துக்கும் நாணயம் தேடித் தவிப்பவர்களுக்கு அது உண்மையான வசதி. விமானப் பயணிகளின் மிச்ச நாணயங்களை யுனிசெப் 1987 முதல் விமான நிறுவனங்கள் மூலம் திரட்டிவருகிறது. குவிந்து கிடக்கும் கலப்படக் காசைப் பிரித்துப் பணமாக்க முடியும் என்பதற்கு அது போதுமான சான்று.

கறுப்புப் பணம், கடத்தல் என்ற பேச்சும் எழும். இந்த ஐயத்துக்கு விதியே பதில் சொல்லிவிட்டது. நோட்டுக்கு 2,000 டாலர் எல்லை வைத்த ரிசர்வ் வங்கி நாணயத்துக்கு எல்லையே வைக்கவில்லை. பணம் பதுக்க எண்ணுபவர் கிலோக்கணக்கில் காசு சுமக்கமாட்டார் என்று அதற்குத் தெரியும். ஒரு ஆளுக்கு ஒரு தடவை சில ஆயிரம் ரூபாய்க்கு மேல் கிடையாது, அடையாள அட்டை விவரம் பதிவாகும் என்று வைத்தால் அந்தப் பேச்சு முடிந்துவிடும். போலியும் செல்லாக் காசும் கொஞ்சம் யோசிக்க வைக்கின்றன. பிரிட்டனின் பழைய வட்டமான ஒரு பவுண்டு நாணயத்தில் ஏறக்குறைய முப்பதில் ஒன்று போலி என்று கணக்கிட்டார்கள். 2017 அக்டோபரில் அதைச் செல்லாததாக்கினார்கள். கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் உலக நாணயமெல்லாம் தெரிந்தவராக இருக்க முடியாது. ஆகவே எல்லா நாட்டுக் காசும் வேண்டாம். டாலர், யூரோ, பவுண்டு, யென், திர்ஹம், சிங்கப்பூர் டாலர், சுவிஸ் பிராங்க் போன்ற ஏழெட்டு நாடுகளின் பெரிய மதிப்பு நாணயங்கள் மட்டும், படத்தோடும் எடையோடும் ஒரு பக்கப் பட்டியலாக இருந்தால் போதும். பட்டியலில் இல்லாததைத் தயங்காமல் மறுக்கலாம்.

கனமான மறுப்பு வேறொன்று. வங்கிக்கு வேறு வேலை இல்லையா? ஓய்வூதியத்துக்கு வரிசையில் நிற்கும் முதியவருக்கும், சில்லறை கிடைக்காமல் அல்லாடும் காய்கறிக்காரருக்கும் முன்னால், பொழுதுபோக்குக்காகக் காசு பொறுக்குகிறவருக்கு ஊழியர் நேரம் ஒதுக்க வேண்டுமா? இந்தக் கேள்வி நியாயமானது, இதை நாணயச் சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. மாதத்தின் முதல் வாரத்தில், கூட்டம் நிறைந்த நேரத்தில் போய், மூட்டையை அவிழ்த்துக் காட்டச் சொல்லும் சேகரிப்பாளர் அடுத்து வருபவருக்கும் கதவைச் சாத்திவிட்டே போகிறார். இங்கானாலும் வெளிநாட்டிலானாலும், கூட்டம் குறைந்த நண்பகலில் போய், புதிய நோட்டை நீட்டி, பிரிக்காத சுருளாகக் கேட்டு வாங்கி, வேண்டாததை வேறொரு நாளில் வேறொரு கிளையில் செலுத்துவதே மரியாதை. அதே காரணத்தால்தான் எல்லாக் கிளைகளிலும் எல்லா நாளும் இந்த வசதி வேண்டும் என்று கேட்பதும் தவறு. ஒரு நகரத்தில் ஒரு கிளை, மாதத்தில் ஒரு பிற்பகல் போதும். பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுக்கிறார்கள் என்ற புகார் பெருகி, பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று 2018-இல் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட வேண்டியிருந்தது. நாணயத்தை உற்றுப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் ஊரில் நாலு பேர் கூடுதலாக இருந்தால் அத்தகைய வதந்தி அவ்வளவு தூரம் ஓடியிருக்காது.

சேகரிப்பவர்கள் காசைப் பதுக்கிச் சில்லறைத் தட்டுப்பாட்டை உண்டாக்குகிறார்கள் என்பது நம் நாணயத்துக்கு ஓரளவு பொருந்தலாம். யூரோவை புனேயில் யார் பதுக்கினாலும் நம் ஊர்ச் சில்லறைக்கு ஒரு காசு நட்டமில்லை. அதை வெளியிட்ட நாட்டுக்கும் லாபமே, அடித்த செலவுக்கு மேல் முகமதிப்பை வாங்கிக்கொண்டு கொடுத்த காசு திரும்பி வராமலே போகிறது. வியாபாரிகளின் பிழைப்பு கெடும் என்பதும் மிகை. ஐம்பது ரூபாய் நாணயத்தில் ஆர்வம் பிறந்த மாணவர்தான் பின்னாளில் ஐயாயிரம் ரூபாய் நாணயம் தேடி அவர்களிடம் வருவார். எல்லாம் கைப்பேசியில் முடியும் காலத்தில் நாணயம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு வாதம் செய்து புரியவைக்க முடியாது. சேகரிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும்: வெளிநாட்டுச் சேகரிப்பாளருடன் மாற்றிக்கொள்ள நம் பழங்காசுகளை எடுத்துப்போக நினைத்தால், நூறாண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனிநபர் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. பையில் கிடக்கும் மராத்தியர் காலத்துத் தேய்ந்த சிவராய்க் காசு ஒன்றுகூட விமான நிலையத்தில் பெரிய சிக்கலில் மாட்டிவிடும்.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. புதுச் சட்டம் வேண்டாம், விதித் திருத்தமும் வேண்டாம். ரிசர்வ் வங்கியின் நாணய வழங்கல் அலுவலகம் புனேயில் இல்லை. மாநிலத்தில் மும்பை, பேலாப்பூர், நாக்பூரில்தான் இருக்கிறது. ஆகவே பொறுப்பை வணிக வங்கிகளே ஏற்க வேண்டும். 1935-இல் புனேயிலேயே பிறந்து, இன்றும் தலைமையகத்தை இங்கேயே வைத்திருக்கும் மகாராஷ்டிரா வங்கி தன் அந்நியச் செலாவணிக் கிளைகளில் ஒன்றில் ஓராண்டு சோதனையாக இதை நடத்திப் பார்க்கலாம். வாங்கும் விலை, விற்கும் விலை, ஏற்கும் நாணயங்களின் பட்டியல், ஆளுக்கான வரம்பு ஆகிய நான்கையும் சுவரில் ஒட்டட்டும். ஆண்டு முடிவில் எத்தனை பேர் வந்தார்கள், வட்டத்தில் எவ்வளவு மிஞ்சியது, ஊழியர் நேரம் எவ்வளவு போனது என்று கணக்கை வெளியிடட்டும். நட்டமென்றால் மூடிவிடலாம். கோரிக்கையை யார் வைப்பது என்பதுதான் பாக்கி. புனேயின் சேகரிப்பாளர் சங்கங்கள் கண்காட்சிக்கு எடுத்துக்கொள்ளும் சிரத்தையில் பத்தில் ஒரு பங்கை எடுத்து, விதி எண்களையும் நாணயப் பட்டியலையும் இணைத்து ரிசர்வ் வங்கிக்கும் அந்த வங்கிக்கும் எழுத்தில் ஒரு மனு கொடுக்க வேண்டும். வீட்டு டப்பாவில் வெளிநாட்டுக் காசு வைத்திருக்கும் வாசகர்களும் அதில் கையெழுத்திடலாம்.